என் குற்றத்தைக் காணவில்லை

அன்பும் பண்பும், அவை இரண்டையும்விட அதிகமாக அலட்சியமும் நிறைந்த என் அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும், உன் மனைவியும், என் மருமகளும், உன்னிடம் வாயைத் திறந்து காட்ட வரும் சனங்களும் சௌக்கியமாக இருக்கவேண்டும். இங்கே அப்பா சௌக்கியம். உன் அத்தான் உட்கார்ந்த இடத்திலேயே சௌக்கியம். நான் மட்டும்தான் சரியில்லை. பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் ஒரு குற்றவாளி என்று நிரூபிக்க இத்தனை நாளாக நாயாய் அலைகிறேன், ஒருத்தராவது நம்பவேண்டுமே! எல்லோரும் என்னை நல்லவள், நல்லவள் என்று சொல்லியே கொல்கிறார்கள்.

இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். ஆகாது. போனில் நீ "ம்ம், ம்ம், அப்புறம்?" என்று சொல்லிக்கொண்டே யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பாய். போன தடவை என் முட்டி வலியைப் பற்றி நான் சொல்லி முடித்ததும் "கொஞ்சம் துப்பிடுங்க" என்றாயே, அது எனக்குச் சொன்னதா அவருக்குச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கடிதம். கடைசியில் உன்னால் ஆகவேண்டிய ஒரு காரியமும் இருக்கிறது. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

விஷயம் என்னவென்றால், எனக்கு ஓய்வு கொடுத்து மாலை போட்டு அனுப்பிய பிறகு இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஒன்றுமே நடப்பதில்லை. டெலிபோன் ஆபீசில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை ஊரார் குரலைக் கேட்டே வாழ்ந்தவள் நான். "லைன்ல இருங்க, குடுக்கறேன்" என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுசைக் கழித்தவள். இப்போது வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள். அப்பாவுக்குக் காது கேட்காது. அதாவது, நான் பேசினால் கேட்காது, டி.வி.யில் செய்தி ஓடினால் கேட்கும். உன் அத்தான் வார்த்தைகளைச் சேமித்து வைக்கிறார், யார் கல்யாணத்துக்கு என்று தெரியவில்லை. "டீ வேணுமா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவார். அது வேண்டும் என்ற ஆட்டலா, வேண்டாம் என்ற ஆட்டலா என்று நான் கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிப்போகும். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்? ஒருநாள் மத்தியானம் வெறும் மிக்ஸியை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்றேன்டா. உள்ளே ஒன்றும் போடவில்லை. சும்மா, வீட்டில் ஒரு சத்தம் கேட்கட்டும் என்றுதான்.

இந்த லட்சணத்தில் தினமும் நம் தெரு வழியாக ஒரு பள்ளிக்கூட வேன் போகும். முனை திரும்பும்போதே உள்ளேயிருந்து ஒரு கூச்சல் கிளம்பும் பார், அப்பப்பா! ஒருத்தன் அழுவான், ஒருத்தி பாடுவாள், ஒருத்தன் எதற்கென்றே தெரியாமல் வேனின் தகரத்தைத் தட்டிக்கொண்டே வருவான். நான் வாசலில் நின்று அது கண்ணுக்கு மறையும்வரை பார்ப்பேன். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயா வேலையை விட்டுவிட்டாள், ஆள் தேடுகிறார்கள் என்று வேன் டிரைவர் சொன்னான். அன்றைக்கே போய் நின்றேன். பள்ளிக்கூட ஆபீசில் இருந்த மேடம் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"பிள்ளைங்க ரொம்ப சத்தம் போடுவாங்கம்மா. உங்களால தாங்க முடியுமா?"

"அதுக்காகத்தாம்மா வந்தேன்" என்றேன்.

அவளுக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. வேலை கிடைத்த மாதிரிதான், ஒரே ஒரு ஃபாரம் மட்டும் நிரப்பிக் கொடுங்கள் என்றாள். அந்த ஃபாரம்தான்டா எனக்கு எமனாக வந்தது.

பிள்ளைகளோடு பழகுகிற வேலை என்றால் போலீஸ் சரிபார்ப்பு உண்டாம். நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பெயர், முகவரி, படிப்பு எல்லாவற்றையும் மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு கேள்வி. எவ்வளவு சிறிய குற்றமானாலும் சரி, எப்போதாவது உங்கள்மேல் வழக்கு வந்து அபராதம் விதிக்கப்பட்டதுண்டா, ஆம் அல்லது இல்லை என்று எழுதவும். என் பேனா நின்றுவிட்டது. எனக்கு நம் கண்ணாடி ஞாபகத்துக்கு வந்தது. உனக்கும் இந்நேரம் வந்திருக்கவேண்டும். வரவில்லையென்றால் நீ என் தம்பியே இல்லை.

நாளைக்குச் சாட்சி சொல்லும்போது நீ திருதிருவென்று விழிக்கக்கூடாது, அதனால் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நான் படிப்பை முடித்த வருஷம். நீ அரைக்கால் சட்டை. அம்மாவுடைய பீரோவின் ஆளுயரக் கண்ணாடி மங்கிப்போய் ரசம் பூசக் கொடுத்திருந்தது. அதைக் கொண்டுவர வண்டி பிடிக்கச் சொல்லி அம்மா என் கையில் காசு கொடுத்தாள். நான்தான் பெரிய கெட்டிக்காரியாயிற்றே! அப்பாவுடைய மொபெட்டை எடுத்தேன், உன்னைப் பின்னால் முதுகோடு முதுகாக உட்காரவைத்தேன், கண்ணாடியை நீ கட்டிப்பிடித்துக்கொண்டாய், அதன் முகம் சாலையைப் பார்த்தபடி. பின்னால் வந்த சைக்கிள்காரர் எதிரே தன்னைப்போலவே ஒருவர் தன்னையே முறைத்துக்கொண்டு வருவதைக் கண்டு மரியாதையாக ஒதுங்கிச் சாக்கடைக்குள் இறங்கினார். நாற்சந்தியில் நான் வண்டியைத் திருப்பினேன். மத்தியான வெயில் அப்படியே கண்ணாடியில் பட்டு, நடுவில் மேடையில் நின்ற டிராபிக் போலீஸ்காரர் முகத்தில் அடித்தது. மனுஷர் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் விசிலைத் தேடி, அது கிடைக்காமல் வாயாலேயே விசிலடித்தார். கிட்டே வந்து, கண்ணில் தண்ணீர் வழிய, வண்டியின் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, ஆபத்தான முறையில் பாரம் ஏற்றிச் சென்றது என்று ஒரு சீட்டு எழுதிக் கையில் திணித்தார். நீ ஒரே அழுகை. உன்னைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில் அந்தச் சீட்டை நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அப்பா பஸ் டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். சீட்டை வாங்கிப் படித்தார். இன்னொரு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பொண்ணு பிள்ளை கோர்ட்டுக்கெல்லாம் எதுக்கு? நான் போய்ப் பாத்துக்கறேன்" என்றார். அப்புறம் ஒருநாள் வந்து "முடிஞ்சுது" என்றார். அவ்வளவுதான். நான் கோர்ட் படி ஏறவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் கேஸ் என்னுடைய கேஸ்தானே? வண்டி ஓட்டியது நான்தானே? அந்தக் கதையைச் சொல்லித்தானடா நான் டெலிபோன் ஆபீசில் பேர் எடுத்தேன். புதிதாகச் சேர்ந்த பெண்கள் அதிகாரியைக் கண்டு நடுங்கினால், "நான் கோர்ட் கேஸே பாத்தவ, இந்த ஆள் எம்மாத்திரம்?" என்பேன். உன் அத்தான் என்னைப் பார்க்க வந்தபோதுகூடச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அதைச் சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு 'ஆம்' என்று எழுதினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"இல்லைன்னு எழுது" என்றார்.

"என்னப்பா பேசறீங்க?"

"இல்லைன்னு எழுதும்மா."

"பொய் சொன்னா வாயில சூடு போடுவேன்னு எங்களை வளத்தவர் நீங்க. இப்ப நீங்களே பொய் எழுதச் சொல்றீங்களா?"

டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து காது கேட்கவில்லை.

மேடம் ஃபாரத்தை வாங்கிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் சர்டிபிகேட் வாங்கி வாருங்கள் என்று அனுப்பினாள். உன் அத்தானைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவர் போன உடனே பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் இவரைத்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு போனார்கள். மேஜையில் இருந்த போலீஸ்காரர் நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் கேட்டார்.

"என்ன குத்தம்மா?"

"கண்ணாடி."

"திருட்டா?"

"சே, எங்க வீட்டுக் கண்ணாடி."

"உடைஞ்சு யாருக்காவது அடியா?"

"ஒரு கீறல் விழல. இன்னைக்கும் பீரோவில இருக்கு."

"அப்ப யார் மேலம்மா புகார்?"

"என் மேல."

"யார் குடுக்கறது?"

"நான்தான்!"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டு, பெஞ்சில் தூங்குகிற உன் அத்தானை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, என்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று பளபளப்பான காகிதத்தில் அச்சடித்து, எழுந்து நின்று கொடுத்தார். எனக்கு வேண்டாம் என்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இளவட்டம் ஒருவன், தன் பெயரில் இருக்கும் கேஸ்களை எடுக்கச்சொல்லி நாலாவது தடவையாக வந்தவனாம், "அக்கா, என்கிட்ட நிறைய இருக்கு. பிடிச்சதா ஒண்ணு எடுத்துக்கங்க" என்றான். ஸ்டேஷனே சிரித்தது. எனக்குச் சிரிப்பா வரும்?

சர்டிபிகேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஃபாரத்துல நீங்க ஆம்ங்கறீங்க, போலீஸ் இல்லைங்குது. ரெண்டும் ஒத்துப்போகலன்னா கம்ப்யூட்டர் சிவப்பு காட்டுதும்மா. ஒண்ணு அந்தக் கேஸோட நகலைக் கொண்டாங்க, இல்ல புது ஃபாரத்துல இல்லைன்னு எழுதிக் குடுங்க. ஒரு நிமிஷ வேலை." இதையே அப்பா சொன்னார், இதையே வேன் டிரைவர் சொன்னான். ஆனால் என்னால் முடியவில்லைடா. தெரிந்தே பொய் எழுதிக் கொடுத்துவிட்டு, "பொய் சொல்லக்கூடாதுடா கண்ணு" என்று அந்த வேனில் ஒரு பிள்ளையிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? நகலைக் கொண்டுவருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அதுவரை இடத்தைக் காலியாக வைத்திருப்பதாக மேடம் சொன்னாள். வேனில் தற்காலிகமாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். அவள் பிள்ளைகளை வாயில் விரல் வைத்து உட்காரச் சொல்லிவிட்டாள். வேன் இப்போது நம் தெருவில் சவ ஊர்வலம் மாதிரி போகிறது. என் வயிறு எரிகிறது.

அபராதம் கட்டிய ரசீதாவது கிடைக்குமா என்று அப்பாவின் இரும்புப் பெட்டியைக் குடைந்தேன். "தேடாதே, கிடைக்காது" என்றார். இதற்கு மட்டும் எப்படித்தான் காது கேட்கிறதோ! ரசீது கிடைக்கவில்லை. கிடைத்தது என்ன தெரியுமா? அவர்கள் டெப்போவில் ஓய்வுபெறும்போது எடுத்த படம். அவரோடு ஓய்வுபெற்றவர்கள் எல்லோரும் நெஞ்சில் மெடலோடு நிற்கிறார்கள், குற்றம் குறையில்லாமல் பஸ் ஓட்டியதற்காக. நம் அப்பா மட்டும் ஓரத்தில், மெடல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டு! எனக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சாகும்வரை இதைச் சொல்லித் திட்டவில்லையா? "சுவத்துல உரசினவன், ஆட்டை இடிச்சவன் எல்லாம் மெடல் வாங்கிட்டான், இந்த மனுஷன் மட்டும் யார்கிட்டயோ வாயைக் குடுத்துக் கெடுத்துக்கிட்டார்" என்பாளே! நானும் என் பங்குக்குப் படத்தைக் காட்டி, "என்னப்பா, பேனாவுக்கு எப்பப்பா மெடல் குடுத்தாங்க?" என்று கேலி பண்ணினேன். "அது வெறும் தகரம்" என்றார். எப்போதும் சொல்கிற பதில்தான்.

அடுத்து கோர்ட். பழைய கோர்ட் கட்டடத்தின் அடியில் ஒரு பெரிய அறை, அதில் கூரையைத் தொடும் அலமாரிகள், ஒவ்வொன்றிலும் துணியில் கட்டிய மூட்டைகள். அங்கே இருந்த கிளார்க் தும்மிக்கொண்டே பேசுவான், பேசிக்கொண்டே தும்முவான். சில்லறைக் கேஸ்களை எல்லாம் எப்போதோ எரித்துவிட்டார்கள் என்று முதலில் கையை விரித்தான். விடுவேனா? மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். என்னைப் பார்த்தாலே அவனுக்குத் தும்மல் வர ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அவனே மனமிறங்கி, நான் சொன்ன வருஷத்துப் பதிவு தப்பியிருக்கிறது என்று ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பக்கம் பக்கமாக விரலை ஓட்டினான்.

"உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையேம்மா."

"கண்ணைத் தொடச்சிட்டு ஒழுங்காப் பாருப்பா."

"நல்லாப் பாத்துட்டேன். வேற யார் பேர்லயாவது இருக்குமா?"

"செஞ்சது நான். கேஸ் வேற யார் பேர்ல இருக்கும்? என்ன கேள்வி இது?"

அவன் ஒரு பெரிய தும்மலாகத் தும்மி மூட்டையைக் கட்டிவிட்டான். அங்கேயும் துணைக்கு வந்து பெஞ்சில் தூங்கிய உன் அத்தான் எழுந்து, போகலாமா என்பது போலத் தலையை ஆட்டினார்.

உன் அத்தானைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன் என்று நினைக்காதே, அவரும் ஒரு காரியம் செய்தார். முடிவெட்டப் போன கடையில், பேசாமலே எப்படி விசாரித்தாரோ, நம்மைப் பிடித்த அந்தப் போலீஸ்காரர் இன்னும் இருக்கிறார், தினமும் பூங்காவுக்கு வருகிறார் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். போய்ப் பார்த்தால், பூங்காவில் நடக்கிறவர்களைத் தடம் மாறினால் விசிலடித்துத் திருப்பிக்கொண்டிருக்கிறார்! ஓய்வு பெற்றும் விடவில்லை. எல்லோரும் அவரை 'விசில் தாத்தா' என்கிறார்கள். நான் எதிர்ப்பக்கமாகப் போனேன் என்று முதலில் என்னையும் ஒரு ஓரமாக நிறுத்தினார். இந்தத் தடவையாவது ஏதாவது எழுதிக் கொடுப்பார் என்று ஆசையாக நின்றேன். கண்ணாடி என்றதும் அவர் முகம் மலர்ந்தது பார்!

"அடடா, அந்தக் கண்ணாடி! மறப்பேனா? கிட்ட வந்து பாத்தப்பதான் எனக்கு முன்னந்தலையில முடி போனதே தெரிஞ்சுது. கோர்ட்டே அன்னைக்குச் சிரிச்சுது. ஏன் சிரிச்சுதுன்னுதான் ஞாபகம் வரல."

"அப்ப ஓட்டினது நான்தான்னு எழுதிக் குடுங்கய்யா" என்று காகிதத்தை நீட்டினேன்.

"அது எப்படிம்மா? எனக்குக் கண்ணு கூசிப்போச்சு. கண்ணாடி தெரிஞ்சுது, என் மூஞ்சி தெரிஞ்சுது. ஓட்டினது யார்னு நான் எங்க பாத்தேன்?"

"சீட்டு எழுதினீங்களே?"

"வண்டிப் புத்தகத்தைப் பாத்து எழுதுவேன். எப்பவும் அப்படித்தான். வாயால கேட்டா ஆளாளுக்கு ஒரு பேர் சொல்லுவானுங்க."

பாவம், வயசாகிவிட்டது. அதற்குமேல் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வரும் வழியில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. டெலிபோன் ஆபீசில் சேரும்போதும் இதே மாதிரி ஒரு ஃபாரம் கொடுத்தார்களே! அதிலும் இதே கேள்வி இருந்திருக்குமே! என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்று அதை அப்பாதான் நிரப்பினார். நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் காதருகே போய்க் கத்திக் கேட்டேன். "இல்லைன்னுதான் எழுதினேன்" என்றார், தினசரிக் காலண்டரைக் கிழிக்கிற மாதிரி சாதாரணமாக! அப்படியானால் நான் பார்த்த அத்தனை வருஷ வேலையும் ஒரு பொய்யின் மேல் பார்த்த வேலையா? யோசித்துப் பார். இப்போது உண்மையை நிரூபித்தால் அப்போது பொய் சொன்னவள் ஆகிறேன். நிரூபிக்காவிட்டால் இப்போது பொய் சொன்னவள் ஆகிறேன். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலையில் டெலிபோன் ஆபீசுக்குப் போய், என் பழைய ஃபாரத்தில் தவறு இருக்கிறது, என்ன செய்யவேண்டுமோ செய்துகொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். அதைக் கேட்டதும் உன் அத்தானே வாயைத் திறந்து "வேணாமே" என்றார். நிலைமை அந்த அளவுக்குப் போய்விட்டது, பார்த்துக்கொள். ஆனாலும் நான் கேட்கப்போவதில்லை.

உன்னால் ஆகவேண்டிய காரியத்துக்கு வருகிறேன். போலீசிலும் இல்லை, கோர்ட்டிலும் இல்லை, விசில் தாத்தாவும் கைவிட்டார். நான் குற்றம் செய்ததைக் கண்ணால் கண்டவன் உலகத்தில் நீ ஒருவன்தான் மிச்சம். உன் ஆஸ்பத்திரிப் பெயர் போட்ட காகிதத்தில், "என் அக்கா மொபெட்டில் கண்ணாடி ஏற்றிக்கொண்டு போனது உண்மை, கண்ணாடியைப் பிடித்திருந்தது நான்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி உடனே அனுப்பு. உனக்கு ஒன்றும் வராது, நீ அப்போது அரைக்கால் சட்டை. அக்காவைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று பாசத்தைக் காட்டாதே. இது காட்டிக்கொடுக்க வேண்டிய சமயம்.

உன் மனைவிக்கு என் அன்பு. அவள் முதுகு வலிக்கு ஒத்தடம் கொடுக்கிறாளா? என் மருமகளுக்கு ஆயிரம் முத்தம். டாக்டர் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் அவளுக்கு ஒரு மிட்டாயாவது வாங்கிக் கொடு. எல்லோரும் நோய் நொடியில்லாமல், வழக்கு வம்பு இல்லாமல், அப்படியே வழக்கு வந்தாலும் அதற்கு ஒரு நகலாவது இருக்கும்படி, நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் நிரூபிக்கப்படாத குற்றவாளியான
உன் அக்கா

பின்குறிப்பு: தம்பி, சாட்சிக் கடிதம் எழுதாதே. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. கிழித்துப் போட்டு வேறு எழுதலாம் என்றால் இத்தனை பக்கத்தைத் திரும்ப எழுத எனக்குக் கை வலிக்கிறது.

வழக்கம்போல உறையை ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். படத்தில் பேனாவைச் செருகியிருந்த இடம் வந்தபோது சிரிப்பார் என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை. நாளைக்கு டெலிபோன் ஆபீசுக்குப் போகிறேன் என்ற இடம் வந்ததும் கையை நீட்டி டி.வி.யை அணைத்தார். அப்பா தானாக டி.வி.யை அணைத்து நீ பார்த்திருக்கிறாயா? எனக்குப் பயமாகிவிட்டது.

"அங்கல்லாம் போகாதே. அந்த ஃபாரத்துல நான் பொய் எழுதல" என்றார்.

"அப்ப கேஸு?"

"கேஸு உன்மேல இல்ல. என்மேல."

சீட்டில் இருந்தது அப்பாவின் பெயராம்டா. வண்டிப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் அந்த மனுஷர். கோர்ட்டில் அப்பாவின் பெயரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா டூட்டிக்குப் போகும் வழியில் யூனிஃபார்மோடு போய் நின்றிருக்கிறார். நீங்கள்தான் ஓட்டினீர்களா என்று நீதிபதி கேட்டாராம்.

"இல்லைங்க, என் பொண்ணுதாங்கன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த வாரம்தான் உனக்கு டெலிபோன் ஆபீஸ் ஃபாரம் வந்திருந்துது. ஆமாங்கன்னுட்டேன். ஜட்ஜு என் சட்டையைப் பாத்துட்டு, 'ஏன்யா, பஸ் டிரைவர்னா பின்னாடி வர்றதைப் பாக்க இவ்ளோ பெரிய கண்ணாடியா வேணும்?'னு கேட்டார். கோர்ட்டே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது?"

எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்கு! அப்புறம்தான் அந்தப் படம் கண்முன்னால் வந்தது. "அப்பா, அப்ப மெடலு?" என்றேன்.

"ஒரு கேஸுகூட இல்லாதவனுக்குத்தாம்மா மெடல்."

அம்மாவிடமாவது சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். "சொல்லியிருந்தா உன்னைத் திட்டியிருப்பா. என்னைத் திட்டினா என்ன? பஸ் இரைச்சல்ல எனக்கு அப்பவே பாதிக் காது போயிடுச்சு" என்றார். சரி, என்னிடம்? இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடவா வாய் வரவில்லை?

"நீ அந்தக் கதையை எல்லார்கிட்டயும் அவ்வளவு பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தே. கேஸையும் நானே எடுத்துக்கிட்டா உனக்கு என்ன மிச்சம்?"

அழுதுவிட்டேன்டா. அம்மா போனபோது அழுததற்கு அப்புறம் இன்றைக்குத்தான் அப்படி அழுதேன். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவள்தானே நான்! உன் அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தலையைத் தடவிக்கொடுத்தார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போதும், செய்தி போட்டிருப்பான்" என்று மறுபடி டி.வி.யைப் போட்டுக்கொண்டார்.

மேடம் கொடுத்திருந்த புது ஃபாரத்தை எடுத்து 'இல்லை' என்று எழுதிவிட்டேன். அப்பா தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்து, நான் எழுதி முடிக்கும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஃபாரத்தைக் கொடுத்த கையோடு வேனில் ஏறிவிடுவேன். "அந்த டிரைவர் வளைவுல எப்படித் திருப்பறான்னு பாத்து வந்து சொல்லு" என்று அப்பா இப்போதே உத்தரவு போட்டுவிட்டார்.

நீ அடுத்த தடவை வரும்போது ஒரு மெடல் வாங்கிக்கொண்டு வா. விளையாட்டுப் போட்டிக்குக் கொடுப்பார்களே, அந்த மாதிரி, சிவப்பு நாடா கட்டியது. தகரமாக இருந்தாலும் பரவாயில்லை. டெப்போக்காரர்கள் கொடுக்காவிட்டால் போகட்டும், நிஜக் குற்றவாளிகள் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவருக்குக் குத்திவிடுவோம்.